மாப்பிள்ளை கொடுத்த எல்.சி.

அக்டோபர் 6, திங்கள்

தவசிக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. பதினாலு மாதம் கழித்து மறுபடியும் இதே வெள்ளூரணி சப்-ஸ்டேஷனுக்கு ஆபரேட்டராக வருகிறான். காலையிலேயே என் தங்கை செண்பகம் போன் போட்டுச் சொன்னாள். "இனிமே அவரு வீட்டுச் சோறு சாப்பிடுவாருண்ணே" என்றாள். அவள் இப்படிக் கலகலவென்று பேசிக் கேட்டு வெகுநாளாகிறது. "சந்தோசம்த்தா" என்றேன். சந்தோஷம்தான். தங்கை புருஷன் சொந்த ஊருக்குத் திரும்பி வருவதில் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது.

பிறகு மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். போன வாரம்தான் கழுவியது. ராஜகனி கீழேயிருந்து, "அந்தத் தொட்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரி கேள்விதான் கேட்பாள், பதிலுக்கு நிற்கமாட்டாள்.

இந்த டயரி எழுதுவதே கைப்பழக்கத்துக்காக. நான் பிறவி இடது கைக்காரன். போன வருஷம் ஆகஸ்டில் கம்பத்தில் கரண்ட் அடித்து இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண், தினமும் நாலு வரியாவது வலது கையால் எழுதுங்கள் என்றாள். எழுதுகிறேன். கையெழுத்து இன்னும் கோழி கிளறியது மாதிரிதான் இருக்கிறது.

அன்று அந்தக் கரண்டைப் போட்டது தவசி. அவனை நான் மன்னித்தாகிவிட்டது. கட்டுப் பிரிக்கும் முன்பே மன்னித்துவிட்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது.

அக்டோபர் 7, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. கொசு.

அக்டோபர் 9, வியாழன்

தவசி இன்று வேலையில் சேர்ந்தான். காலை ஷிப்டு, ஆறிலிருந்து இரண்டு.

எங்கள் பிழைப்பே ஒரு வார்த்தையில்தான் தொங்குகிறது. கம்பத்தில் ஏறுமுன் சப்-ஸ்டேஷனுக்குப் போன் செய்து, இன்ன லைனில் இன்னார் வேலை பார்க்கப் போகிறோம் என்று எல்.சி., அதாவது லைன் கிளியர், கேட்க வேண்டும். ஆபரேட்டர் அந்த லைனை நிறுத்திவிட்டு, பதிவேட்டில் பேரையும் நேரத்தையும் எழுதி ஒரு நம்பர் கொடுப்பார். வேலை முடித்து இறங்கியபின், வாங்கின ஆளே அந்த நம்பரைச் சொல்லி எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கரண்ட் போடலாம். இடையில் கலெக்டரே போன் போட்டாலும் போடக் கூடாது.

தெற்குத் தெருவில் இன்சுலேட்டர் உடைந்திருப்பதாகக் காலை எட்டு மணிக்கே தகவல் வந்தது. என் வண்டி பஞ்சர். பஞ்சர் ஒட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பேங்க் வேலை ஒன்றையும் முடித்துக்கொண்டு போக இரண்டரை ஆகிவிட்டது. அதற்குள் ஷிப்டு மாறிவிட்டது. வேறு ஆபரேட்டரிடம் எல்.சி. வாங்கி இருபது நிமிஷத்தில் முடித்தேன்.

"பஞ்சர் ஒட்ட ஆறு மணி நேரமா அண்ணாச்சி?" என்றான் கோட்டைச்சாமி. என்னோடு எட்டு வருஷமாக வேலை பார்க்கிறவன். எனக்கு இரண்டு வயது இளையவன், வாய் மட்டும் மூத்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

செண்பகம் வீட்டில் விருந்து. கோழிக் குழம்பு, முட்டை, ரசம். தவசியே பரிமாறினான். என் இலையில் ஈரலை எடுத்து வைத்தான். எனக்கு ஈரல் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆள் மெலிந்திருக்கிறான், காதோரம் நரைத்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் மகனுக்கு ஒரு வயது ஆகப்போகிறது, என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றான்.

அவனை எனக்குப் பிடிக்கும். பெண் பார்க்க வந்த அன்றிலிருந்தே பிடிக்கும். மனதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டேன், ஒரு முள்ளும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பரணை ஒழித்தேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று தப்ப முடியவில்லை. காலை பத்து மணிக்குக் கிழக்கு லைனில் இரண்டு கம்பியை இணைக்கும் ஜம்பர் அறுந்துவிட்டது, அரிசி ஆலைக்காரர் கத்திக்கொண்டிருக்கிறார், சப்-ஸ்டேஷனில் தவசி.

போன் போட்டேன். "சொல்லுங்க மச்சான்" என்றான். லைனைச் சொன்னேன். நிறுத்தினான். எழுதினான். நம்பர் கொடுத்தான். எல்லாம் முறைப்படி. இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்டேன். கம்பியில் கொக்கியை மாட்டி மண்ணோடு சேர்த்துவிடும் தடி அது. தப்பித் தவறிக் கரண்ட் வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடும். ராடு போட்டபின் பயப்பட ஒன்றும் இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. கால் அதைக் கேட்க மாட்டேன் என்கிறது.

கோட்டைச்சாமியைக் கூப்பிட்டு, "நீ சப்-ஸ்டேஷனுக்குப் போ. நான் எறங்கிட்டேன்னு போன் பண்ணுத வரைக்கும் சுவிட்ச் பக்கத்துல ஒக்காந்திரு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

ராடு போடுவது விதி. ஆளை அனுப்புவது விதியில் இல்லை. விதியில் இல்லாததைச் செய்யக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

தவசியும் செண்பகமும் பிள்ளையோடு வந்தார்கள். தவசி என் காலில் விழுந்தான். தூக்கி நிறுத்தினேன். கண்ணெல்லாம் தண்ணீர் அவனுக்கு. எனக்கும்தான். அதிரசம் நன்றாக வந்திருந்தது.

அக்டோபர் 22, புதன்

இன்றும் அவனிடம் எல்.சி., இன்றும் கோட்டைச்சாமியை அனுப்பினேன். இது ஐந்தாவது தடவை. போர்மேன் கேட்டார், "ஒரு ஜம்பர் போட ரெண்டு ஆளு, மூணு மணி நேரமா?" நான் கையைத் தூக்கிக் காட்டினேன். மூன்று விரல் இருக்கும் கையைக் காட்டினால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அதை இப்போது கொஞ்சம் அதிகமாகவே காட்டுகிறேன் என்று தோன்றுகிறது.

அந்த நாளைப் பற்றி எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் அடங்குமா என்று.

கம்பத்தடியில் நின்றுகொண்டு, ஆபீஸ் நம்பருக்குப் போடாமல் தவசியின் சொந்தச் செல்லுக்குப் போட்டேன். மாப்பிள்ளைதானே. "லைன நிறுத்துப்பா, பத்து நிமிச வேல" என்றேன். "நிறுத்திட்டேன், ஏறுங்க மச்சான்" என்றான். நான் நம்பர் கேட்கவில்லை. அவன் கொடுக்கவுமில்லை. பதிவேட்டில் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். எர்த் ராடு வண்டியிலேயே கிடந்தது. வேறு எவன் எல்.சி. கொடுத்திருந்தாலும் ராடு போடாமல் ஏறியிருக்க மாட்டேன். இவன் என் தங்கையைக் கட்டியவன் என்பதால் போடவில்லை.

அதே லைனில் தெற்கே இன்னொரு கோஷ்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் இறங்கி எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தார்கள். தவசி பதிவேட்டைப் பார்த்தான். வேறு யார் பேரும் இல்லை. போட்டுவிட்டான்.

இதில் அவன் மேல் எனக்குக் கோபமே கிடையாது. பாதித் தப்பு என்னுடையது. காகிதத்தில் முழுத் தப்பும் என்னுடையது. அது வேறு கதை.

அக்டோபர் 27, திங்கள்

இன்று என்னைக் கம்பத்தில் ஏறச் சொல்லவில்லை. கோட்டைச்சாமி ஏற வேண்டிய வேலை. எல்.சி. வாங்கியவன் நான். ஷிப்டில் தவசி இல்லை, வேறு ஆள். ராடு போட்டாகிவிட்டது. "ஏறுப்பா" என்றேன்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று கருவேல மரத்துக்குப் பின்னால் போனான். நான் பெல்ட்டைக் கொடுக்கலாம் என்று பின்னாலேயே போனேன். அவன் செல்லில் பேசிக்கொண்டிருந்தான். "சார், பூவலிங்கம் அண்ணாச்சி பேருல மேற்கு லைனுக்கு எல்.சி. இருக்கா? இன்னும் திருப்பிக் குடுக்கலையே?"

என்னைப் பார்த்ததும் செல்லைப் பையில் போட்டான். "எத்தன நாளா இந்தச் சோலி?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்துதான்." தரையைப் பார்த்தே பேசினான். "எல்.சி.யத் திருப்பிக் குடுத்துட்டு, அத மறந்து திரும்ப ஏறின ஆளு நீங்க. மனுசனுக்கு மறதி வரும், அத யாரும் கொற சொல்லல. ஆனா எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக அண்ணாச்சி."

எட்டு வருஷமாக என் சாப்பாட்டில் பாதி தின்றவன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு மூத்திரப் பாத்திரம் பிடித்தவன். அவன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டேன். பிறகு நானே எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

கோட்டைச்சாமியிடம் பேசவில்லை. அவன் டீ வாங்கி வந்தான். குடித்தேன். பேசவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

செண்பகம் தனியாகப் பஸ்ஸில் வந்தாள். பிள்ளையைக்கூடத் தூக்கி வரவில்லை. வந்தவள் தண்ணீர் குடிக்கவில்லை, உட்காரவில்லை.

"கோட்டைச்சாமிய எதுக்குண்ணே அவரு பக்கத்துல கொண்டுபோய் ஒக்கார வைக்கே?"

"பாதுகாப்புக்குத்தா."

"மத்த ஆபரேட்டரு இருக்கையில அனுப்புதியா?"

கீழே கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்தேன்.

"சப்-ஸ்டேஷன்ல எல்லாரும் சிரிக்காங்களாம். திருடனுக்குக் காவல் போட்ட மாதிரி இருக்குன்னு நேத்து அவரு சோறு உங்கல. நீ மறந்து ஏறினதுக்கு அவரு பதினாலு மாசம் கண்காணாத ஊர்ல ஒத்தையில பொங்கித் தின்னாரு. பிள்ள பொறந்தப்போ ரெண்டு நாளுதான் லீவு. ஒரு நாளாச்சும் உன்னைய ஒரு வார்த்த சொல்லியிருப்பாரா? மச்சான் பாவம், தெரியாம நடந்துபோச்சும்பாரு. அவரு உன்னைய மன்னிச்சிட்டாருண்ணே. நீ ஏன் அவர நம்ப மாட்டேங்குத?"

ராஜகனி கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்று என்னையே பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதில் ஒட்டடை இருந்தது.

செண்பகம் போனபின் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தேன். ராஜகனி சொன்னாள், "உங்களுக்கு விரலு போனது எனக்குத் தெரியும். வாய் எப்பப் போச்சு?"

நவம்பர் 3, திங்கள்

இதுவரை எழுதாததை எழுதிவிடுகிறேன்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு விசாரணை அதிகாரி வந்தார். அதற்கு முந்தின நாள் தவசி வந்து என் கட்டிலடியில் உட்கார்ந்து அழுதான். பதிவேட்டில் என் பேரைப் பிற்பாடு எழுதிவிட்டதாகச் சொன்னான். பதினொன்று இருபதுக்கு எல்.சி. வாங்கினேன், பதினொன்று நாற்பதுக்குத் திருப்பிக் கொடுத்தேன் என்று. பயத்தில் கை தானாக எழுதிவிட்டது என்றான்.

அதிகாரி கேட்டார்: "எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தீங்களா?"

வார்டு வாசலில் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். ஏழு மாதம். ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். "ஆமா சார். குடுத்துட்டேன். ஒரு நட்டு முறுக்காம விட்ட ஞாபகம் வந்து, எல்.சி. குடுத்தத மறந்து மறுபடி ஏறிட்டேன்" என்றேன். எழுதிக்கொண்டார். மருந்து மயக்கத்தில்கூட எனக்கு நட்டு வரைக்கும் சொல்லத் தெரிந்திருக்கிறது. நான் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டும் அவனை விடவில்லை, உள்ளூரில் வைக்கக் கூடாது என்று மாற்றிவிட்டார்கள்.

கரண்ட் போட்டதை மன்னித்தேன். பதிவேட்டில் பொய் எழுதியதையும் மன்னித்தேன். ஆனால் அவன் பதினாலு மாதமாக என் தங்கையிடம் என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தபோதெல்லாம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, மச்சான் பாவம் என்று சொல்லியிருக்கிறான். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 5, புதன்

காலை பத்தரைக்கு வடக்கு லைன். தவசி எல்.சி. கொடுத்தான். ராடு இரண்டு பக்கமும் போட்டேன். கோட்டைச்சாமி சுவிட்ச் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாதிக் கம்பம் ஏறினேன். கால் பூட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கீழே இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் இறங்கினேன்.

போர்மேனிடம் தலைச்சுற்றல் என்றேன். அவர் நல்ல மனுஷர். "ஒரு வாரம் பாருங்க. சரியாகலேன்னா டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க, ஆபீஸ்ல எங்கயாவது போடச் சொல்லுவோம்" என்றார். கம்பம் ஏற முடியாத லைன்மேனை எங்கே போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தபால் ஒட்டிக்கொண்டு, எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டு, ஐம்பது வயதுக்குள் ஆளே உளுத்துப்போய்விடுவான். இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான்.

வீட்டில் சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

சப்-ஸ்டேஷனுக்குப் போனேன். தவசி ஷிப்டு முடிந்து வெளியே வந்தான். வேலியோரம் நின்று பேசினோம். டிரான்ஸ்பார்மர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றினான்.

"செண்பகம் வந்திருந்தா" என்றேன்.

"சொன்னா."

"நான் மறந்து ஏறினேன்னு அவகிட்ட நீ எப்பச் சொன்ன?"

"நான் சொல்லல மச்சான். நீங்க அதிகாரிட்டச் சொன்னத அவளே வாசல்ல நின்னு கேட்டுட்டா." பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். "அதுக்குப் பொறவு மாத்திச் சொல்ல வாய் வரல. வயித்துல பிள்ளன்னு விட்டேன். பொறவு பிள்ள பொறந்துச்சு. பொறவு சொன்னா, இத்தன நாளு ஏன் சொல்லலன்னு கேப்பா. நாளாக நாளாகக் கூடிக்கிட்டேதான் போச்சு."

"நீ என்னைய மன்னிச்சிட்டயாமே."

தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க என்னைய மன்னிச்சேன்னது நெசந்தான மச்சான்?" என்று கேட்டான்.

"அதுல ஒரு மாத்தமும் இல்ல. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா ரத்தம் குடுக்க மொத ஆளா நான் வந்து நிப்பேன். ஆனா கம்பத்துல ஏறுதது நானு. உன் வாய்லருந்து வார வார்த்தய நம்பித்தான் ஏறணும். வீட்டுக்குள்ள கட்டின பொண்டாட்டிகிட்ட வராத வார்த்த, எங்கிட்ட மட்டும் நெசமா வரும்னு என் காலு நம்ப மாட்டேங்குது மாப்பிள்ள. நான் சொல்லித்தான் பாக்கேன்."

"என்ன செய்யணும்?"

"செண்பகத்துகிட்டச் சொல்லு."

"அவ போயிருவா."

"எங்க போவா? எங்க வீட்டுக்குத்தான் வருவா."

வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவனும் சிரிக்கவில்லை. டீயில் சீனி போட மறந்திருந்தான்.

நவம்பர் 10, திங்கள்

மழை. பியூஸ் போடும் வேலை மட்டும். அதற்குக் கம்பம் ஏற வேண்டாம்.

நவம்பர் 12, புதன்

செண்பகம் போன் செய்யவில்லை. தவசியும் இல்லை. வாசலில் ஆட்டோ நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். எதிர்வீட்டுக்கு வந்த ஆட்டோ.

நவம்பர் 14, வெள்ளி

அவன் கேட்டால் செண்பகத்திடம் நானே சொல்லிவிடலாம் என்று இருந்தது காலையில். மத்தியானம், அவன் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று இருந்தது. சாயங்காலம், பதிவேட்டு விஷயத்தைக் கிளறிவிட்டு அவன் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவேனோ என்று என்மேலேயே பயம் வந்தது. ஒரே நாளில் மூன்று ஆளாக இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்.

நவம்பர் 17, திங்கள்

போர்மேன் சொன்ன ஒரு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் அதிகமாக உறுத்துகிறது. மிக்சியைப் பிரித்துப் பூட்டினேன். ஒரு திருகு மிச்சம். ஓடுகிறது.

நவம்பர் 22, சனி

செண்பகம் வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள். என் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் இல்லாத இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். இந்தப் பதினைந்து மாதத்தில் அவள் அந்தக் கையைத் தொட்டதில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்பவும் வலிக்குதாண்ணே?"

"மழைக்கு மட்டும் கொஞ்சம்."

"அவரு சொல்லிட்டாரு. செவ்வாக்கிழமையே சொல்லிட்டாரு. நாலு நாளா நான் பேசல."

பெரிய மனுஷன் மாதிரிப் பேச ஆரம்பித்தேன். "விட்டுருத்தா. பயத்துல பண்ணிட்டான். நானே மன்னிச்சிட்டேன்."

"அவர மன்னிக்கது என் பாடு. அத நான் பாத்துக்கிடுதேன்." கையை விடவில்லை. "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் வார்டு வாசல்ல நின்னேன். என்னையப் பாத்துட்டுத்தான அதிகாரிட்ட அப்படிச் சொன்னே?"

"உனக்காகத்தான்த்தா."

"தெரியும். எனக்காகன்னு சொல்லி ரெண்டு பேரும் என்னையக் கிறுக்கியாக்கிட்டீங்க. மூணு வாரத்துக்கு முன்னால இதே எடத்துல நின்னு உன்னைய அந்த ஏச்சு ஏசிட்டுப் போனேன். அப்பக்கூட நீ ஃபேனப் பாத்துக்கிட்டு நின்ன. அப்பவாச்சும் சொல்லணும்னு ஒனக்குத் தோணலையா?"

நான் கைகால் கெட்டுப் போய்க் காப்பாற்றிய ஆள் என்னைக் கும்பிடுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். அதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

"நீ என் அண்ணன். உன்மேல எனக்குக் கோவம் நிக்காது. கோவமெல்லாம் பஸ்ஸுலயே போயிருச்சு. ஆனா நீ இனிமே ஒண்ணு சொன்னா அத எப்படி எடுத்துக்கிடன்னு எனக்குத் தெரியலண்ணே."

ராஜகனி வைத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். வாசல் வரைக்கும் போய் நின்றேன். திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அன்பாகத்தான் ஆட்டினாள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஒன்றும் ஓடவில்லை. துடைக்கவும் கழுவவும் வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

தவசி வந்தான். பதிவேட்டு விஷயத்தை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். கடிதத்தையே கையோடு கொண்டுவந்திருந்தான். வாங்கிப் படித்தேன். நேரம், நம்பர், எல்லாம் உள்ளபடி இருந்தது. அவன் கையெழுத்து என்னுடையதைவிட மோசமாகக் கோணியிருந்தது.

"இதக் குடுத்தா வேல போயிரும்ல" என்றேன்.

"போகலாம்."

"செண்பகத்துக்கிட்டக் கேட்டியா?"

"அவதான் எழுதச் சொன்னா. ஆனா அண்ணன் குடுன்னா குடு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டா."

நான் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். குடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மழை முடியட்டும் என்றேன். மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

நேற்றிலிருந்து புயல் காற்று. ஊரில் பாதி இருட்டு. காலை ஏழு மணிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி லைன் போய்விட்டது. ரோட்டு வளைவில் வேப்பங்கிளை விழுந்து கம்பி தொங்கியது. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கும் என்றார்கள். மற்ற கோஷ்டிகள் எல்லாம் தெற்கே போய்விட்டன. நானும் கோட்டைச்சாமியும்தான். சப்-ஸ்டேஷனில் தவசி.

ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன். லைனையும் இடத்தையும் என் பேரையும் சொன்னேன். நிறுத்திவிட்டு வந்து சொன்னான். "நம்பர் நாப்பத்தொண்ணு. திருப்பிச் சொல்லுங்க மச்சான்." சொன்னேன்.

"கோட்டைச்சாமி அண்ணாச்சி கெளம்பிட்டாரா? கதவத் தொறந்து வச்சிருக்கேன்" என்றான்.

"இல்ல. அவரு இங்கதான் இருக்காரு. ரோட்டுல தண்ணி நிக்குது."

"சரி மச்சான். உங்க பேரு எழுதின பக்கத்த மூடல. அது முன்னாலயே ஒக்காந்திருக்கேன்."

மழையில் ஒரு ஆளை எதற்கு அலைய விடுவது என்றுதான் அனுப்பவில்லை. வேறொன்றும் இல்லை.

செல்லைக் கோட்டைச்சாமியிடம் நீட்டினேன். "நீயும் ஒரு வார்த்த கேட்டுக்கோ." அவன் என் முகத்தைப் பார்த்தான். மரத்துக்குப் பின்னால் போகாமல் என் முன்னாலேயே கேட்டான். நாற்பத்தொன்றுதான். ராடு இரண்டு பக்கமும் போட்டோம். ராடை மட்டும் இனி கடவுளே எல்.சி. கொடுத்தாலும் விடமாட்டேன்.

ஏறினேன். பாதிக் கம்பத்தில் கால் நடுங்கியது. நின்றேன். நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு மேலே போனேன். நடுக்கம் கடைசி வரை நிற்கவில்லை, வேலையும் நிற்கவில்லை. கிளையை வெட்டி, கம்பியை இழுத்துக் கட்டி, இறங்க ஐம்பது நிமிஷம். இறங்கி, ராடை எடுத்து, நம்பரைச் சொல்லி எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தேன். "எல்லாரும் எறங்கியாச்சா? ராடு எடுத்தாச்சா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போட்டான். ஆஸ்பத்திரி வாசல் விளக்கு எரிந்தது.

முக்குக் கடையில் டீ சொன்னோம். கடைக்காரர் இரண்டு கிளாஸைப் பலகையில் வைத்தார். என் செல் அடித்தது. செண்பகம். ஆறு நாள் கழித்து.

"எறங்கிட்டியாண்ணே?"

"எறங்கிட்டேன்த்தா. ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

நான் செல்லைப் பையில் போடுவதற்குள் கோட்டைச்சாமியின் செல் அடித்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முதுகைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பேசினான். மழை விட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"சொல்லு தாயி... ஆமா, ஒங்கண்ணன் எறங்கிட்டாரு... இல்ல தாயி, நெசமாத்தான் சொல்லுதேன். என் கண்ணு முன்னாலதான் நிக்காரு. டீ குடிக்காரு."

என் கிளாஸ் பலகையில்தான் இருந்தது, இன்னும் தொடவே இல்லை. கோட்டைச்சாமி சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று எடுத்துக் குடித்தேன்.